கோழை வெளியேற வழி வேண்டும்

திருவையாறு வட்டார நெல் கொள்முதல் களங்களில் மூட்டை தூக்குவோர், மாவட்ட நிர்வாகத்துக்கு வைக்கும் கோரிக்கைச் சாசனம்

தை மாதம் தியாகராசர் ஆராதனைக்குப் பாட வருகிறவர்களின் தொண்டையைப் பற்றி ஊரே விசாரிக்கும். அதே தையில்தான் சம்பா நெல்லும் களத்துக்கு வருகிறது. எங்கள் தொண்டையை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலில் காதில் விழாது.

இயந்திரத்தின் முன் நிற்பவன் முண்டாசை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொள்கிறான். பதரையும் கருக்காயையும் துண்டு தடுக்கும். சுணையும் பொடித்தூசும் இழை வழியே உள்ளே போகும். மறுநாள் காலை துப்பினால் வைக்கோல் நிறத்தில் விழுகிறது.

கோழை எங்களுக்குப் பகையல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நொடிக்கு 10, 12 தரம் அடித்து, தூசு ஒட்டிய கோழையைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. தூசு மீறினால் அவை திணறும். பீடிப்புகை அவற்றை மந்தமாக்கி, நாளடைவில் அழித்தும்விடும். அந்தக் குற்றம் எங்கள் மடியிலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. களம் கூட்டும் பெண்களுக்கு வீட்டில் விறகடுப்புப் புகை வேறு. வெயிலில் தண்ணீரில்லாமல் 40 கிலோ சிப்பம் சுமந்தால் கோழை பசையாக இறுகும். பழைய காசநோய் குழாயைச் சிதைத்திருந்தால் அங்கேயே தேங்கிச் சீழ்பிடிக்கும். போதாக்குறைக்கு, இருமலை அடக்கும் சிரப்பை நாங்களே கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். தள்ளுவதற்கு மிச்சமிருந்த வழியும் அதோடு அடைபடுகிறது.

ஆகவே கேட்கிறோம்.

இயந்திரத்தின் தூசு வாய்க்குத் தார்ப்பாய்க் கூண்டு கட்டுங்கள். காற்றடிக்கும் திசை பார்த்து, ஆளில்லாத பக்கம் தூசு போகும்படி நிறுத்துங்கள். முகக்கவசம் அதற்குப் பிறகுதான். அதுவும் துணிக் கவசம் வேண்டாம், என்95 கொடுங்கள். களத்தில் நிழலும் குடிநீரும் வேண்டும்.

ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் பின்பும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையைத் திருவையாற்றிலேயே செய்ய வேண்டும். தஞ்சாவூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சிரப் அல்ல, சளிப் பரிசோதனை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். அவர் களத்துக்கும் வரட்டும். ஆழ இழுத்து, சற்று நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாய்திறந்து ‘ஹா’ என்று தள்ளிக் கோழையை ஏற்றும் முறையைக் கற்றுத்தரட்டும்.

எங்கள் கூலி சிப்பக் கணக்கில். இருமி உட்கார்ந்தவனுக்குக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு அரை நாள் கூலி உண்டு என்று, குறுவை நெல் களமேறுமுன் எழுத்தில் தாருங்கள்.