மூன்று மாதம் மறைக்க வேண்டாம்



அழகர்மலை அடிவார ஊர்களில் நாள் தள்ளிப்போனதை மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள், கண்ணு பட்டுவிடுமாம். ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரைக்கான அறிகுறியை ரத்தம் அதற்குள்ளேயே காட்டத் தொடங்கிவிடலாம்.

அதைக் கண்டறியச் சென்னை டாக்டர் வி.சேஷய்யா பரப்பிய முறை எளியது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை உண்டு. முதல் வருகையிலேயே இதைச் செய்து, சர்க்கரை இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் பார்க்கச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். பத்தாவது வாரவாக்கில், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 110 இருந்தாலே உஷாராக வேண்டும் என்றும் சேஷய்யா வலியுறுத்தினார்.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் உதவும். ஆனால் ரத்தசோகை இருந்தால் அது ஏமாற்றிவிடும். நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் 'பாப்-ஏ' புரதம் குறைந்தாலும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கான ஆபத்து கூடும் என்கிறார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

மசக்கையில் இருப்பவளுக்கு அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்ப வர வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதியில் கிளம்புகிறவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த 2 மணி நேரம் உட்கார நிழலும் நாற்காலியும் போடுங்கள். மாமியார்களே, மருமகளை இரண்டாம் மாதமே அழைத்துப் போங்கள்.

– ஒரு வாசகி, அழகர்கோவில்