ஏரிக்கரை வீட்டுக்கு வரி எவ்வளவு?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 11,000-க்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. கோடை வந்துவிட்டால் பட்டணத்து ஜனங்கள் ஏரிக்கரையைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். அங்கே சொந்தமாக ஒரு சிறு வீடு வேண்டும் என்பது பலருடைய ஆசை. விலை படிகிற நேரத்தில், விற்கிறவர் வரி ரசீதை எடுத்துக் காட்டுகிறார். "இவ்வளவுதானா!" என்று வாங்குகிறவர் மகிழ்ந்து போகிறார்.

அந்த ரசீதில் பொய் இல்லை. ஆனால் அது விற்கிறவருடைய வரி. வாங்குகிறவருடைய வரி வேறு.

கட்டு அவிழ்கிறது

1994-ம் ஆண்டு மார்ச் மாதம் மிச்சிகன் வாக்காளர்கள் "ஏ பிரேரணை" என்ற திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். அதன்படி, ஒருவர் கையில் வீடு இருக்கும் வரையில் அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இந்த இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. புதிதாகக் கட்டிய பகுதிக்கு மட்டும் இது பொருந்தாது. மனை விலை தாறுமாறாக ஏறினாலும், பென்ஷன் வாங்கும் முதியவர் வரிக்குப் பயந்து வீட்டை விற்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு கை மாறினால் அடுத்த ஆண்டே கட்டு அவிழ்ந்துவிடும். வரி மதிப்பு சந்தை விலையில் பாதிக்குத் தாவிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலை 4 லட்சம் டாலர். பழைய சொந்தக்காரரின் வரி மதிப்பு 80,000 டாலர்தான். ஆயிரத்துக்கு 30 டாலர் வரி என்று வைத்துக்கொண்டால் அவர் கட்டியது 2,400 டாலர். வாங்கியவருக்கோ மதிப்பு 2 லட்சம்; வரி 6,000 டாலர்!

இதோடு நின்றால் பரவாயில்லை. விற்றவர் அதிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கான வரி கிடையாது. கோடையில் மட்டும் வந்து போகிறவருக்கு அது உண்டு. பெரும்பாலும் ஆயிரத்துக்கு 18 டாலர். அதாவது இன்னும் 3,600. ஆகமொத்தம் 9,600 டாலர், ரசீதில் கண்டதைப்போல் நான்கு மடங்கு. அவருடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிப்பதில்லை. அவருக்கு ஓட்டும் வேறு ஊரில். பக்கத்து வீட்டில் பல காலமாக இருப்பவரோ பழைய வரியையே கட்டிக்கொண்டிருப்பார். இது நியாயமா என்று புதியவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

தகப்பன் வீடு பிள்ளைக்கு வந்தாலும் முன்பு இதே கதிதான். 2012-ம் ஆண்டுச் சட்டமும் பின்னால் வந்த திருத்தமும் அதை மாற்றின. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்கு வீடு போனால் கட்டு அவிழாது. ஆனால் அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஏரிக்கும் பங்கு

ஏரியைப் பராமரிக்கும் செலவும் கரைவாசிகள் தலையில் விழலாம். 2020 மே 19-ந் தேதி ஈடன்வில் அணை உடைந்து விக்சம் ஏரி வடிந்து போயிற்று. அணைகளைப் புதுப்பிக்கும் செலவில் ஒரு பங்கை ஏரிக்கரைச் சொத்துக்காரர்கள்மீது சுமத்த 2024-ல் கவுண்டி நிர்வாகங்கள் ஒப்புதல் அளித்தன. எதிர்த்துச் சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டவுன்ஷிப் வரி அலுவலகத்துக்குப் போய் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கை மாறிய பின் வரி மதிப்பு என்ன ஆகும்? ஏரிக்கென்று தனிக் கட்டணம் ஏதாவது மனைமீது இருக்கிறதா? மதிப்பு அதிகம் என்று பின்னால் தோன்றினால், மார்ச் மாதம் கூடும் மறுபரிசீலனைக் குழுவிடம் முறையிட்டுக்கொள்ளலாம்.