சிறிய மேடைகளை யார் காப்பது?

இசை நிகழ்ச்சி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது திறந்தவெளி மைதானமும் பல்லாயிரம் பேர் திரண்ட கூட்டமும்தான். 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய பலர் உள்ளேயே செல்ல முடியாமல் திரும்பியபோது, அது நாடு தழுவிய செய்தியாயிற்று. கூட்ட மேலாண்மை, போக்குவரத்து, காவல் துறை அனுமதி என்று பல நாள்கள் விவாதித்தோம். விவாதம் தேவையானதே. ஆனால், அதே நகரத்தில் எண்பது பேர் அமர்ந்து கேட்கும் ஓர் இசை மாலை நின்றுபோனால் அது எவருக்கும் செய்தியல்ல.

அண்மையில் அப்படியொரு மாலைக்குச் சென்றிருந்தேன். தென் சென்னையில் ஒரு பழைய வீட்டைச் சிலர் சேர்ந்து கலைக்கூடமாக மாற்றி நடத்திவருகிறார்கள். கூடத்தின் நடுச்சுவரை இடித்துவிட்டு ஞெகிழி நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். கட்டணம் இருநூறு ரூபாய். முதலில் நாகஸ்வரம். அரசு இசைப் பள்ளியில் பயின்ற இரு இளைஞர்கள் வாசித்தார்கள். நாகஸ்வரமும் தவிலும் வெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள். சிறிய கூடத்துக்குள் வாசித்தால் காதை அடைத்துவிடும். எனவே, வாசலில் வேப்பமரத்தடியில் அவர்களை அமர்த்திவிட்டு, நாங்கள் நின்றுகொண்டே கேட்டோம். பிறகு உள்ளே வந்து கானாப் பாடல்கள். அதன்பின், தாங்களே எழுதி இசையமைத்த தமிழ்ப் பாடல்களுடன் ஒரு நால்வர் குழு. கடைசிப் பாடலுக்கு முந்தைய பாடலின்போது எதிர்வீட்டிலிருந்து புகார் வந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஒருங்கிணைத்தவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்துக் கடைசிப் பாடலை ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடி முடித்தார்கள். அதே தெருவில் அரசியல் கட்சிப் பொதுக்கூட்டத்துக்கோ ஆடித் திருவிழாவுக்கோ இப்படி ஒரு தயக்கம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வாசித்தவர்கள் தேர்ந்தவர்களா என்று கேட்டால், சிலர் ஆம், சிலர் இன்னும் இல்லை. நாகஸ்வரக்காரர்களில் மூத்தவர் கல்யாணியை விரித்த விதத்தில் ஒரு முதிர்ச்சி இருந்தது. கானாக் குழுவில் தாளம் இருமுறை தடுமாறியது. இத்தகைய இடங்களின் பயனே அதுதான். தடுமாறிவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் வந்து பாடுவதற்கு ஓர் இடம் வேண்டும். மாபெரும் மேடைகளில் அதற்கு வாய்ப்பில்லை.

இளையராஜா திரையுலகுக்கு வரும் முன்னர், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். ரஹ்மான் இளம் வயதில் சென்னையின் சிறு குழுக்களில் விசைப்பலகை வாசித்தவர். இன்று மைதானங்களை நிரப்பும் பெயர்கள் எல்லாம் எங்கோ ஒரு சிறு மேடையில் தொடங்கியவையே. ஆனால், அந்தச் சிறு மேடைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இழப்புக் கணக்கே மிகுதி. கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் கோலோச்சிய மெல்லிசைக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். பதினைந்து இருபது பேர் கொண்ட குழுவில் வயலின், புல்லாங்குழல், தபலா, பாங்கோஸ் வாசிப்பவர்கள் என்று எத்தனை குடும்பங்கள் பிழைத்தன! இன்று பெரும்பாலான வரவேற்புகளில் பதிவுசெய்யப்பட்ட 'டிராக்' ஓட, ஒருவர் அதன்மேல் பாடுகிறார், அல்லது டி.ஜே. வந்துவிடுகிறார். செலவு குறைகிறது என்பது உண்மை. வாத்தியக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

சபாக்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லலாம். இருக்கின்றன, 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி முதல் மயிலாப்பூர் வட்டாரச் சிற்றரங்குகள் வரை சென்னைக்கு வாய்த்த சபா மரபு பெரும் செல்வம். நாகேசுவரராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர்கள் கச்சேரி செய்வதைக் கேட்டவர்களுக்கு, இசைக்கு எவ்வளவு குறைந்த ஏற்பாடு போதும் என்பது தெரியும். ஆனால், அந்த மரபின் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்ததில்லை. பறை சாவுக்கும் ஊர்வலத்துக்கும் உரியது, நாகஸ்வரம் கோயிலுக்கும் திருமணத்துக்கும் உரியது, கானா தெருவுக்கு உரியது என்று நாம் வகுத்துவைத்திருக்கும் எல்லைகள் இசையின் இலக்கணத்திலிருந்து வந்தவையல்ல, சாதியிலிருந்து வந்தவை. 2015இல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, மீனவர் குடியிருப்பிலேயே கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் அடுத்தடுத்து வைத்தபோது, அது ஏற்படுத்திய சலசலப்புக்குக் காரணம் அதுவே. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியதும், 2020 முதல் மார்கழியில் மக்களிசை நிகழ்ச்சிகள் நடப்பதும் இந்த வரிசையில் வருபவை. இவற்றின் முக்கியத்துவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு குறை உண்டு: இவை ஆண்டுக்கொருமுறை வரும் விழாக்கள். அரசு நடத்தும் சென்னை சங்கமத்துக்கும் இது பொருந்தும். பொங்கலையொட்டிய சில நாள்கள் பூங்காக்களிலும் கடற்கரையிலும் கரகமும் தப்பாட்டமும் களைகட்டுகின்றன. அதன்பின் அடுத்த பொங்கல்வரை அந்தக் கலைஞர்கள் நம் கண்ணில் படுவதில்லை. விழா வேறு, வாழ்வாதாரம் வேறு.

வாழ்வாதாரம் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். எண்பது பேர், ஆளுக்கு 200 ரூபாய் என்றால் வசூல் 16,000 ரூபாய். இடத்துக்கான வாடகை, ஒலியமைப்பு, மின்சாரம், தேநீர் என்று 9,000 ரூபாய் போனதாக வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 7,000 ரூபாயைப் பத்துக் கலைஞர்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 700 ரூபாய். வெளியூரிலிருந்து தவிலைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு அது போக்குவரத்துக்கே சரியாகிவிடும். கட்டணத்தை உயர்த்தினால் வருகிற எண்பது பேரும் குறைவார்கள். இந்தக் கணக்கில் மாற்றக்கூடிய ஒரே பெரிய தொகை இட வாடகைதான். கலைஞர்களின் ஊதியத்தை மேலும் குறைக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அங்கே சிற்றரங்குகளுக்கென இயங்கும் 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' என்னும் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் மட்டும் 125 சிற்றரங்குகள் நேரடி இசையைக் கைவிட்டன. உலகப் புகழ்பெற்ற குழுக்களை உருவாக்கிய நாட்டில் இந்த நிலை! 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்று, பெரிய அரங்குகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் விற்கப்படும் சீட்டுகளிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துச் சிற்றரங்குகளுக்குத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசும் அதை ஏற்று, இசைத்துறையே விருப்பமாக முன்வந்து செய்யட்டும் என்றது. கோல்ட்பிளே குழு தன் 2025ஆம் ஆண்டு பிரிட்டன் நிகழ்ச்சி வருவாயில் பத்து விழுக்காட்டை இதற்கென ஒதுக்கியது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்நாட்டின் இரண்டு சட்ட ஏற்பாடுகள். 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டம், சிறிய இடங்களில் காலை 8 முதல் இரவு 11 வரை நடக்கும் இசைக்குத் தனி உரிமம் தேவையில்லை என்றது. தொடக்கத்தில் இருநூறு பேர் என்றிருந்த வரம்பு பின்னர் ஐந்நூறாக உயர்ந்தது. மற்றொன்று 2018இல் திட்டமிடல் கொள்கையில் சேர்ந்தது: ஏற்கெனவே இயங்கும் அரங்கின் அருகே புதிய குடியிருப்பைக் கட்டுபவரே, ஒலித்தடுப்பு ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும். பின்னால் வந்தவருக்காக முன்பே இருந்தவர் மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

நம் சட்டமும் அவ்வளவு மோசமில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. ஆனால், அரங்கங்கள், சமுதாயக் கூடங்கள் போன்ற மூடிய இடங்களுக்குள் நடப்பவற்றுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கின்றன. 500 ரூபாய்க்கு மிகாத நுழைவுக் கட்டணமுள்ள இசை நிகழ்ச்சிக்குச் சரக்கு - சேவை வரி கிடையாது. ஆக, சட்டத்தின் கண்ணில் சமுதாயக் கூடம் இசைக்கு உகந்த இடம்தான். நடைமுறையில் நம் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் அவற்றைத் திருமண மண்டபங்களாக மட்டுமே நினைக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாள்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் பகுதிக் கூடம் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் காலி. மார்கழியில், அதுவும் சென்னையில், ஓர் இசைக்கூடமாகக்கூடிய கட்டடம் காலியாக இருப்பதை என்னவென்று சொல்வது!

பொது இடத்தில் கலை என்பது நமக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த விக்டோரியா பொது மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகங்களை நடத்தியது. வழக்கறிஞர்களும் அலுவலர்களுமாகச் சேர்ந்து நடத்திய பயில்முறைக் குழு அது. தமிழ் நாடகத்தின் போக்கையே மாற்றிய குழு, ஒரு பொதுக் கட்டடத்தில் வளர்ந்தது.

மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் அரசு இசைப் பள்ளிகள் இயங்குகின்றன. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி அளித்து, சான்றிதழும் தந்து மாணவர்களை வெளியே அனுப்புகிறது அரசு. அதன் பிறகு அவர்கள் வாசிக்க ஒரு மேடையை அது யோசிப்பதில்லை. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உதவித்தொகை தருகிறது. வாய்ப்புகளை அது தர இயலாது. அந்தந்த ஊரின் சமுதாயக் கூடத்தை மாதத்தில் ஒரு மாலை, முகூர்த்தமில்லாத நாளில், பெயரளவுக் கட்டணத்தில் உள்ளூர்க் கலைஞர்களுக்குத் தருவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் ஒன்று போதும். ஆனால், அந்த மாலையை இலவசமாக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. இலவசமானால் முன்வரிசை நாற்காலிகள் பிரமுகர்களுக்குப் போய்விடும்; கலைஞருக்குப் பொன்னாடை கிடைக்கும், பணம் கிடைக்காது. ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கொடுத்து வருகிறவர், பிடிக்காவிட்டால் குறை சொல்லும் உரிமையோடு வருகிறார்.

யாருக்கு மேடை தருவது என்ற கேள்வி எழும். பரிந்துரைக் கடிதங்கள் குவியும். அதை அதிகாரிகளிடமோ வார்டு உறுப்பினரிடமோ விடாமல், அந்தப் பகுதிக் கலைஞர்களும் இசைப் பள்ளி ஆசிரியர்களும் கொண்ட சிறு குழுவிடம் விடலாம். அதிலும் சண்டை வரும். சபாச் செயலாளர்களின் சண்டைகளைப் பார்த்த நகரத்துக்கு அது புதிதல்ல. ஒவ்வொரு மாதமும் பறைக்கும் கானாவுக்கும் நாகஸ்வரத்துக்கும் முறை வரும் என்பதை மட்டும் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால், மற்ற சண்டைகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.