பாட்டனார் துப்பாக்கி

சென்ற செப்டம்பர் மாதம் குடகு நாட்டு நண்பரொருவர் கைல்போல்து விழாவிற்குத் தம் இல்லத்திற்கு நம்மை அழைத்திருந்தார். நடவு வேலைகள் முடிந்தபின் ஆயுதங்களைத் துடைத்து, பூசையறையில் வைத்து வணங்கும் நாள் அது. விளக்கின் முன் சாத்தியிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாயில் ஒரு மலர் செருகப்பட்டிருந்தது. பார்த்தால், நம் காந்தள்! குடகர் அதற்கு இட்ட பெயர் 'தோக் பூ'; துப்பாக்கிப் பூ என்பது பொருள். மங்கையர் விரலுக்கு நம் புலவர்கள் உவமை கூறிய பூவுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று வியந்தோம்.

அந்நாட்டில் ஆண் மகவு பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி. மரணம் நேர்ந்தால் இரண்டு. ஆங்கிலேயர் காலந்தொட்டுக் குடகருக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டியது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அதனைச் செல்லுமென்றது. அங்கே குடியேறிய நம்மவருக்கு அவ்விலக்கு இல்லை என்பதை வாசகர்கள் மறத்தலாகாது. வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று. இப்பொழுது குறிக்குத் தேங்காய்தான்.

இதையெல்லாம் கண்டபோது நம் வீட்டுத் துப்பாக்கி நினைவுக்கு வந்தது. கூடவே சிறிது வெட்கமும் வந்தது.

கடலைக் காட்டில் பன்றி புகாதிருக்கப் பாட்டனார் வாங்கிய பர்மிங்ஹாம் துப்பாக்கி அது. தந்தையாருக்குப்பின் தமையனார் பெயரில் லைசென்ஸ் இருந்தது. நாம் வேற்றூரில் பிழைப்பு நடத்தியதால் அதைப்பற்றி நினைத்ததே இல்லை. தமையனார் காலமானார். காரியங்கள் முடிந்து அவரவர் ஊருக்கு ரயிலேறினோம். பதினான்கு மாதம் அது பரணில் கிடந்தது. உரியவர் மறைந்தால் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ அதை ஒப்படைக்க வேண்டுமென்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். படித்தவர்கள் ஐவர் இருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

தமையனார் மகன் தன் தங்கை திருமணத்தன்று மாப்பிள்ளை அழைப்பில் அதைச் சுடப்போவதாகச் சொன்ன பிறகே விழித்துக்கொண்டோம். கொண்டாட்டத்தில் சுடுவது 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி சிறைக்குரிய குற்றம். அதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று. நிலையத்தில் ஒப்படைத்து, அதிகாரியின் கடிந்துரையையும் பெற்றுக்கொண்டோம். பின்னர் துப்பாக்கி பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் அதைச் சோதித்து, குழலின்மேல் மரவரி போல் ஓடிய கோலத்தைக் காட்டினார். இரும்பும் எஃகும் முறுக்கி, நாடாபோல் சுற்றி, காய்ச்சி இணைத்த டமாஸ்கஸ் குழல் அது, கருமருந்துக்காகச் செய்தது. இணைப்புகளுக்குள்ளே துரு ஏறியிருந்தால் வெளியே தெரியாது. தோட்டா அமரும் அறையோ 65 மில்லிமீட்டர். கடையில் இன்று கிடைப்பது பெரும்பாலும் 70. உள்ளே புகுந்துவிடும், வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும். "பையன் சுட்டிருந்தால் இடக்கை போயிருக்கும்" என்றார் அவர். இத்தகைய குழல்களிற் சில புகையற்ற மருந்துக்கும் சோதித்து முத்திரை பெற்றவை உண்டு. நம்முடையதில் அம்முத்திரை இல்லை.

இனி வாரிசு விஷயம். உரியவருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. தமையனாருக்கு வயது எழுபத்து மூன்று. ஒரு கடுதாசியில் முடிந்திருக்க வேண்டியது. வழிவழி வந்ததாயினும் ஒருவர் இரண்டுக்குமேல் வைத்திருத்தல் இப்போது கூடாது என்பதையும் குறித்துக்கொள்க.

உடன்பிறந்தார் அனைவரிடமும் சம்மதக் கடிதம் கேட்டார்கள். பம்பாயிலிருந்த நம் தமக்கையார் மட்டும் ஐந்து மாதம் மறுமொழி எழுதவில்லை. நேரிற்சென்று கேட்டோம். "சொத்துப் பிரித்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இந்த இரும்புக்குத்தான் என் கையெழுத்து வேண்டியிருக்கிறதா?" என்றார். நமக்கு விடை இல்லை. அன்று இரவு அங்கேயே தங்கினோம். காலையில் காப்பியோடு கையெழுத்திட்ட தாளையும் கொண்டுவந்து வைத்தார்.

துப்பாக்கி இப்போது தமையனார் மகன் பெயரில் ஊர் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. ஆயுத பூசையன்று எண்ணெய் துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள், தோட்டா வாங்குவதில்லை. இவ்வாண்டு பூசைக்குத் தமக்கையாரையும் அழைத்திருக்கிறோம்.