பாலாற்றுத் தீர்ப்பும் இறால் குட்டையும்

ஆம்பூரில் இறால் பண்ணை கிடையாது. கடலைப் பார்க்கவே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும். ஆனாலும், இறால் பண்ணைகளைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட மிகக் கடுமையான தீர்ப்பு, ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தந்த வழக்கை ஆதாரமாகக் கொண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த தோல் ஆலைகளே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் அதே தத்துவத்தை எடுத்துக் கடலோரத்தில் வைத்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, மரபு முறை சாராத இறால் பண்ணைகளை இடிக்க உத்தரவானது. இரண்டு அமர்வுகளிலும் இருந்தவர் நீதிபதி குல்தீப் சிங்.

இடிப்பு நடக்கவில்லை. மறுஆய்வு, தடை, பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தச் சண்டை தனி. இங்கே சொல்ல வந்தது வேறு. தீர்ப்பு பார்த்ததெல்லாம் குட்டைக்கு வெளியே நேர்ந்த கேடு: உப்பேறிய குடிநீர்க் கிணறு, வீணான நெல்வயல். ஒரு குட்டை இன்னொரு குட்டைக்குச் செய்யும் கேட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருந்த நாட்களிலேயே அந்தக் கேடு கிழக்குக் கரையைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1994-இல் இந்தியாவுக்கு வந்த வெள்ளைப்புள்ளி நோய், நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் பல டைகர் இறால் பண்ணைகளை மூடிவிட்டது.

அந்த நோய் எப்படி வருகிறது என்று பண்ணைக்காரரைக் கேளுங்கள். காலையில் தீனி பார்க்கும் செக் ட்ரேயைத் தூக்கினால், போட்ட தீனி அப்படியே இருக்கும். இறால் சோர்ந்துபோய்க் கரையோரம் ஒதுங்கும். ஆள் வருவதற்கு முன்பே கொக்கும் காகமும் வந்துவிடும். தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உட்புறத்தில் அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை வெள்ளைப் புள்ளிகள். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குட்டையே காலி. மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. நம்மைப் போல எதிர்ப்பொருள் உண்டாக்கும் உடலமைப்பு இறாலுக்குக் கிடையாது.

அப்போது அவர் என்ன செய்வார்? கடன் வாங்கித் தீனி போட்டவர். இறால் சிறிதாக இருந்தாலும் கிடைத்ததை வாரி விற்றுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார். விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. நோய் கண்ட குட்டையில் வலை போட்டு மட்டுமே பிடிக்க வேண்டும். தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்திகரித்து, குளோரின் நீங்கிய பிறகே வெளியே விட வேண்டும். ஒரு ஹெக்டேர் குட்டையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு கோடி லிட்டர். எல்லாம் போன மனிதர், பக்கத்துக் குட்டைக்காரருக்காக அத்தனை தண்ணீருக்கும் பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கொட்டுவாரா? வாய்க்காலில் இறங்கிய அந்தத் தண்ணீரைத்தான் அடுத்தவர் மோட்டார் இழுக்கிறது. நண்டு ஒன்று வரப்பைத் தாண்டினாலும் போதும்.

நோயை வெளியே சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பார். சொல்லாமல் விற்றால் போட்ட முதலில் பாதியாவது கைக்கு வரும். நம் ஏற்பாடு மறைப்பவருக்கு லாபமும் சொல்பவருக்கு நஷ்டமும் தருகிறது. இறால் நோய் மேலாண்மை பற்றிய கருத்தரங்குகள் புரோபயாட்டிக், பயோசெக்யூரிட்டி என்றெல்லாம் பேசுகின்றன. பேச வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல் வைத்துக் காவல் போட்டபோது பலன் கிடைத்திருக்கிறது. டைகர் இறாலுக்குப் பதிலாக வனாமி இறாலை வணிக முறையில் வளர்க்க 2009-இல் அனுமதித்தபோது, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் நோயற்ற தாய் இறால் ஒவ்வொன்றும் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டித்தான் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிக்குப் போக வேண்டும் என்று வைத்தார்கள். இந்தியா இன்று உலகின் பெரிய இறால் ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இருப்பதில் அந்த ஒற்றை வாசலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், வாசலைத் தாண்டி உள்ளே போன தாய் இறாலுக்கு ஹேச்சரியில் கடற்கரையில் தோண்டிய உயிருள்ள புழு தீனியாகப் போகிறது. இ.ஹெச்.பி. எனப்படும் நுண்ணுயிரி நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று.

இந்த இ.ஹெச்.பி. கொல்லாது, வளரவிடாது. நூறு நாள் தீனி போட்டும் இறால் சிறுத்தே இருக்கும். ஒரே குட்டையில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கிடக்கும். பிணம் மிதக்காததால் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபாவின் ஆய்வாளர்கள் நாட்டின் இறால் நோய் இழப்பை ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டாலர் என்று மதிப்பிட்டபோது, அதில் பாதிக்கு மேல் இதன் கணக்கில்தான் எழுதினார்கள். இதன் வித்து மண்ணில் தங்கும். ஹெக்டேருக்கு ஆறு டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது, மண்ணின் pH அளவை 12-க்கு ஏற்றினால்தான் அழியும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. குத்தகைக்காரர் அடுத்த ஆண்டு அந்தக் குட்டையில் இருப்பாரா என்பதே தெரியாது. அவர் ஏன் ஆறு டன் சுண்ணாம்பு போடப் போகிறார்?

போடுவது எதை? கடைக்காரர் கொடுக்கிற பாட்டிலை. வைரஸுக்கும் இ.ஹெச்.பி.க்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் சிலர் ஊற்றுகிறார்கள். எச்சம் ஐரோப்பியத் துறைமுகத்தில் அகப்படுகிறது. 2016-இல் இந்திய இறால் சரக்குகளில் சோதிக்க வேண்டிய பங்கைப் பத்து சதவீதத்திலிருந்து ஐம்பதாக உயர்த்தியது ஐரோப்பிய ஒன்றியம். தோல் வட்டாரத்துக்கு இது பழைய அனுபவம். 1990-களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகள் சாயத்தை மாற்ற வேண்டியிருந்தது, சோதனைக்கூடங்கள் வந்தன, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது. சாயக்கடையில் பிடிக்க வேண்டியதைத் துறைமுகத்தில் பிடித்துப் பயனில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இறாலுக்கும், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் 2023 திருத்தம் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. கடைகளில் அது எவ்வளவு எட்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

வாங்குகிற நாட்டின் பயமும் நியாயமானதுதான். 2016 கடைசியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லோகன் ஆற்றுப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வெடித்தது. 2017 ஜனவரியில் சமைக்காத இறால் இறக்குமதியை அந்நாடு நிறுத்தியது. உறையவைத்தாலும் இந்த வைரஸ் சாவதில்லை. சாப்பிட வாங்கிய இறாலைத் தூண்டிலில் மாட்டி ஆற்றில் போடுகிறவர் எந்த ஊரிலும் இருப்பார்.

பாலாற்றங்கரையில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் சரியாகிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டிவந்தது. இழப்பீடு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதும் அதில் ஒரு புகார். இருந்தாலும் ஒன்று அங்கே நிலைபெற்றுவிட்டது. சின்ன ஆலைக்காரர் தனியாகச் சுத்திகரிக்க முடியாது. கழிவுநீர் ஒரே குழாயில் போகட்டும், செலவைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இறால் வாய்க்காலில் அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை.

பறவைக் காய்ச்சல் வந்தால் அழிக்கப்படும் கோழிக்கு மத்திய, மாநில அரசுகள் இழப்பீடு தருகின்றன. அதனால்தான் கோழிப்பண்ணைக்காரருக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது. இறாலுக்கு அப்படி ஏதுமில்லை. ஏற்றுமதியில் கிலோவுக்குச் சில பைசா பிடித்து ஒரு நிதி வைக்கலாம். நோயை முதலில் தெரிவித்துத் தண்ணீரை அடைத்து வைத்தவருக்குக் குஞ்சு விலையும் பிளீச்சிங் செலவும் அதிலிருந்து வர வேண்டும். தெரிவிக்காமல் திறந்துவிட்டவரின் பதிவை அடுத்த பருவத்துக்கு நிறுத்த வேண்டும். நாகப்பட்டினத்தில் ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் ஐம்பது குட்டைகளை எடுத்துக்கொண்டு ஒரு பருவம் செய்து பார்க்கலாம். பி.சி.ஆர். சோதனைக்கு சிபா சென்னையில் இருக்கிறது. ஆணையத்தின் தலைமையகமும் சென்னையில்தான். கோப்பு வெகுதூரம் போக வேண்டியதில்லை.