விவாதமா, ஒப்பித்தலா?

நமது பள்ளிக்கூடங்களில் "விவாதப் போட்டி" என்ற பேரால் நடப்பது என்னவென்றால், வாத்தியார் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் உருப்போட்டு வந்து ஒப்பிப்பதேயாகும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லுவதே கிடையாது. கடைசியில் தலைவர் எழுந்து, இருவரும் நன்றாய்ப் பேசினார்கள் என்று பரிசு கொடுத்துவிட்டுப் போகிறார். இதைப் புராணப் பிரசங்கம் என்று சொல்லிவிட்டால் நமக்கு ஆட்சேபணை இல்லை.

உண்மையான விவாதம் எப்படி நடக்கிறதென்பதற்கு, 1988 முதல் நடந்துவரும் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையைப் பார்க்கலாம். கட்சிக்கு மூன்று பேர். ஆளுக்கு 8 நிமிஷம். தீர்மானத்தின் அர்த்தத்தை முதல் பேச்சாளர் வரையறுக்க வேண்டும். மூன்றாமவருக்கோ எதிரியின் வாதத்தை உடைப்பதே பெரும்பாலும் வேலை. பிறகு கட்சிக்கு 4 நிமிஷம் முடிவுரை. 100 மார்க்கில் விஷயத்துக்கு 40, பேசும் தோரணைக்கு 40, உபாயத்துக்கு 20. எந்தக் கட்சியில் பேசுவது என்பது மட்டும் பிள்ளையின் இஷ்டமல்ல.

நமக்கு முக்கியமாய்ப் படுவது இதுதான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடையை இன்னும் நீட்டிக்க வேண்டும் என்று தூத்துக்குடியில் ஒரு தீர்மானம் வைத்து, திரேஸ்புரத்து வள்ளக்காரர் மகனை அதை எதிர்த்துப் பேசச் சொல்லுவதாய் வைத்துக் கொள்வோம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டு அடுப்பு அந்த 61 நாளும் எப்படி எரியும் என்று அவன் யோசித்துத்தானே ஆகவேண்டும்? தகப்பனார் சொன்னார், சாமி சொன்னது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

மேலும், ஒருவர் பேசும்போது முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் நீங்கலாக எதிர்க்கட்சியார் எழுந்து கேள்வி கேட்கலாம். இப்படி எழுந்து கேட்பார் இல்லாததால் நமது முத்துக்கரையில் நடந்ததைப் பாருங்கள்! 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு போனதாய் எழுதியிருக்கிறார். "கடல்கட்டி" என்ற அந்த உத்தியோகம் வெள்ளைக்கார சர்க்கார் காலத்திலும் நீடித்தது. சுறா கடித்த அன்று மந்திரம் எங்கே போயிற்று என்று மூச்சடக்கிக் குளித்தவன் சபையில் கேட்டிருந்தால், அந்தப் பங்கு யார் வீட்டுக்குப் போயிருக்கும்? 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே இல்லை. கேள்வி மட்டும் பாக்கியிருக்கிறது.

ஜூனில் படகுகள் கடலுக்குப் போகும், பள்ளிக்கூடங்களும் திறக்கும். அந்த மாதமே மேற்படி தீர்மானத்தை வைத்து ஒரு விவாதம் நடத்தட்டும். வாத்தியார்கள் ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். வள்ளக்காரரும் விசைப்படகுக்காரரும் கேட்க வரட்டும்.