குட்டைத் தோட்டா, நீளத் துப்பாக்கி

நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் எழுதியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு வங்கிக் கிளை ஒன்றில் காவல் வேலை. சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி. அப்பா காலத்து 12 போர் இரட்டைக் குழல். லயன் காமிக்ஸ் படிக்கும் பேரன் அவரிடம் கேட்டானாம்: "டெக்ஸ் வில்லர் இடுப்பு ரிவால்வருக்கும் கையில் இருக்கிற ரைஃபிளுக்கும் ஒரே பெல்ட்டிலிருந்து தோட்டா எடுக்கிறாரே, அது எப்படி தாத்தா?" பதில் தேடப் போன தாத்தாவுக்கு, குட்டையான தோட்டாவை நீளமான தோட்டாவுக்குரிய துப்பாக்கியில் போட்டுச் சுடலாம் என்ற செய்தி கிடைத்திருக்கிறது. அதிலிருந்து அவருக்கு ஒரு சொந்தக் கேள்வி: "என் துப்பாக்கிக் குழலில் 65 மி.மீ. என்று பொறித்திருக்கிறது. கடையில் 70 மி.மீ. தோட்டாதான் இருக்கிறது என்கிறார்கள். போட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் உள்ளே போகிறது. சுடலாமா?"

பேரனுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம். தாத்தாவுக்கு உடனே சொல்லிவிடுகிறேன். ஐயா, சுடாதீர்கள். உள்ளே போகிறது என்பதுதான் அதில் உள்ள ஆபத்தே. காரணம் பின்னால் வருகிறது.

ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் தெரியும். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி. அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலின் அடியிலுள்ள அறைக்குள் போய் உட்காரும். குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக அதில் ரயில் பெட்டி மாதிரி நிற்கும்.

1873இல் வந்த வின்செஸ்டர் ரைஃபிளுக்கு .44-40 என்ற தோட்டா. சில ஆண்டுகளில் கோல்ட் கம்பெனி அதே தோட்டாவுக்கு ரிவால்வரும் செய்தது. ஒரே பெல்ட் இரண்டுக்கும் போதும். டெக்ஸின் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் அங்கே தோட்டா ஒன்றேதான், குட்டை நெட்டை கிடையாது.

குட்டைக் கதைக்கு நல்ல உதாரணம் .38 ஸ்பெஷல். அது 1898இல் வந்தது. அதன் கூட்டின் நீளம் சுமார் 29 மி.மீ. 1935இல் அதைவிட வலுவான .357 மேக்னம் வந்தது. பெயரில்தான் .38, .357 என்று வித்தியாசம், இரண்டின் குண்டும் ஒரே பருமன். மேக்னத்தின் கூட்டை மட்டும் 3 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீட்டி 33 மி.மீ. ஆக்கினார்கள். மருந்து அடைக்க இடம் போதாமல் நீட்டவில்லை. பழைய .38 ரிவால்வரில் யாராவது இந்த முரட்டுத் தோட்டாவைப் போட்டால் ரிவால்வர் வெடித்துவிடும். அதனால் உள்ளேயே போகாதபடி நீளத்தையே பூட்டாக வைத்தார்கள். திருப்பிப் போட்டால் பூட்டு இல்லை. .357 மேக்னத்துக்குச் செய்த லீவர் ரைஃபிளில் .38 ஸ்பெஷல் சமர்த்தாகச் சுடும். சத்தம் குறைவு, தோளில் உதை குறைவு, காசும் குறைவு. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் குறிபார்க்கச் சொல்லித் தர இதைத்தான் போடுகிறார்கள்.

குட்டையாக இருந்தும் அறைக்குள் ஆழமாக நழுவிப் போகாதா? போகாது. இவ்வகைத் தோட்டாக்களின் அடியில் ஆணித் தலை போல ஒரு விளிம்பு இருக்கிறது. ஆணி ஓர் அங்குலமோ மூன்று அங்குலமோ, தலை பலகையில் முட்டி நின்றுவிடும் அல்லவா? அதுபோல விளிம்பு அறை வாசலில் நின்றுகொள்ளும். சுத்தியல் முனை சரியாக அதன் பொட்டில் தட்டும். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவுக்கு இப்படி வெளியே நீண்ட விளிம்பு கிடையாது. கூட்டின் வாய்தான் அறைக்குள் முட்டி நிற்க வேண்டும். அங்கே குட்டையைப் போட்டால் நிற்க இடமில்லை. ஆகவே "குட்டை போடலாம்" என்பது எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவான விதி அல்ல. விளிம்பு ஒன்றாக, பருமன் ஒன்றாக, அழுத்தம் குறைவாக இருக்கிற ஒரு குடும்பத்துக்குள் மட்டும்தான்.

அந்தக் குடும்பத்துக்குள்ளும் லீவர் ரைஃபிளுக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. தோட்டாவைக் குழாயிலிருந்து மேலே தூக்கிவிடும் ஒரு சின்ன லிஃப்ட் உள்ளே இருக்கிறது. பழைய 1873 மாடலில் அந்த லிஃப்ட் ஒரு தோட்டா நீளத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ரொம்பக் குட்டையானது வந்து உட்கார்ந்தால், பின்னால் நிற்கும் தோட்டாவின் தலையும் மிச்ச இடத்தில் எட்டிப் பார்க்கும். லிஃப்ட் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். .38 தப்பிப்பதற்குக் காரணம், குண்டோடு சேர்த்த அதன் மொத்த நீளம் மேக்னத்தோடு ஏறக்குறைய ஒட்டி வருவதுதான். இரண்டாவது தொல்லை கரி. குட்டைக் கூட்டின் வாய் முடிகிற இடத்துக்கு முன்னால் அறைச் சுவரில் ஒரு கரி வளையம் படியும். நூறு குட்டை சுட்டுவிட்டுத் துடைக்காமல் நீளத் தோட்டாவைப் போட்டால், அந்த வளையத்தில் இறுகி உட்காரும். வெற்றுக்கூடு வெளியே வர மறுக்கும்.

இப்போது தாத்தாவின் 12 போருக்கு வருகிறேன். இங்கே நீளப் பூட்டு வேலை செய்யாது. தோட்டா மேல் போட்டிருக்கும் 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு கூடு விரிந்து கிடக்கும் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாயைக் கடலைப் பொட்டலம் போல மடித்து மூடியிருப்பார்கள். மடித்த நிலையில் அது 65 மி.மீ.க்குக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் உங்கள் அறைக்குள் தடையின்றிப் போனது. சுட்டதும் மடிப்பு விரிய இடம் வேண்டும். 65 மி.மீ. முடிகிற இடத்தில் குழல் குறுகத் தொடங்குகிறது. விரிந்த வாய் அந்தக் குறுகலில் போய் அடைத்துக்கொள்ளும். ஈய உருண்டைகள் அந்த இடுக்கு வழியாகத்தான் பிதுங்கி வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறும். போதாததற்கு 70 மி.மீ. தோட்டாவில் மருந்தும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். முதல் வெடியிலேயே குழல் பிளக்கும் என்று பயமுறுத்தவில்லை. பத்து வெடி தாங்கலாம், பூட்டு தளரத் தளர ஒருநாள் உங்கள் இடது கை இருக்கிற இடத்தில் தாங்காமல் போகலாம். சில கம்பெனிகள் தங்கள் தோட்டா 65 மி.மீ. அறைக்கும் பொருந்தும் என்று பெட்டியிலேயே அச்சிடுகின்றன. அச்சில் இருந்தால் சரி. கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் அறையை அளக்கச் சொல்லுங்கள். பழைய துப்பாக்கியைப் பிற்காலத்தில் யாராவது குடைந்து நீட்டியிருக்கவும் கூடும்.

மறுபக்கம் பயமில்லை. 70 மி.மீ. அறையில் 65 மி.மீ. தோட்டா தாராளமாகச் சுடும்.

நீளம் பற்றிப் பேசும்போது பருமனையும் சொல்லிவிட வேண்டும். 20 போர் தோட்டா 12 போரைவிட ஒல்லி. தவறிப்போய் 12 போர் குழலில் அதைப் போட்டால் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது.

நம் நாட்டில் இந்தப் பொருத்தம், பொருத்தமின்மை வேறு விதமாகவும் பயன்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்திடம் .303 ரைஃபிள். அதையே வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் .410 அளவுக்குக் குடைந்து, தோட்டா அடுக்கும் பெட்டியை மரக்கட்டையால் அடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் மஸ்கட்டாக்கிப் போலீஸுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். அதன் தோட்டா .303 கூட்டையே கழுத்து குறுக்காமல் நேராக விட்டது. கடையில் விற்கும் சாதாரண .410 தோட்டா அதில் போகாது, அடி பருத்திருக்கும். பறிபோனாலும் எடுத்தவனுக்குப் பெரிய பலன் கிடைக்கக் கூடாது என்ற கணக்கு. பொதுமக்களுக்கு .303 கிடையாது, அதற்குப் பதில் .315. சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூர் .315 ரைஃபிள் செய்துகொண்டிருந்தது. எந்தத் தோட்டா எதில் போகலாம் என்பதை இங்கே ஒரு அரசாங்கமே உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறது!

இன்றும் அப்படித்தான். லீவர் ரைஃபிளில் .38 போகும் என்பது இயந்திரக் கணக்கு. உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் எந்தப் போர், எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் கையில் வைத்திருக்கவே கூடாது என்பது சட்டக் கணக்கு. பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக் கருவேலங்காட்டிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றியால் நொந்துபோன சம்சாரிகள், "வலு குறைந்த தோட்டாவால் விரட்டலாமா" என்று கேட்பதும் உண்டு. லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான். அவர்களிடம் மனு கொடுங்கள்.

அப்பா காலத்துத் துப்பாக்கியோடு அப்பா காலத்துத் தோட்டாவும் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். பழைய தோட்டாக்களுக்குக் காகிதக் கூடு. நம் கடற்காற்று ஈரத்தில் அது ஊதிப்போகும், மருந்தும் கெடும். அவற்றைச் சுட்டுத் தீர்க்க வேண்டாம். லைசென்ஸ் புத்தகத்தோடு காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லி ஒப்படையுங்கள். சிலர் கண்மாயில் வீசிவிடுவார்கள். சித்திரையில் கண்மாய் வற்றும்போது அது ஆடு மேய்க்கும் பிள்ளைகள் கையில்தான் போய்ச் சேரும்.